கட்டுப்பாட்டை இழந்தது சாரதியா, ரயரா?

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் காலம் கழித்தவன் நான். அக்காலத்தில் எத்தனை நூறு விபத்துச் செய்திகளை எழுதியும் திருத்தியும் அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அச்செய்திகளுக்கென்றே எங்களிடம் ஒரு வார்ப்பு இருக்கிறது. “வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார் வீதியை விட்டு விலகி மின்கம்பத்துடன் மோதியதில்” என்று தொடங்கும். பெயர், வயது, ஊர், வைத்தியசாலை என்று தொடரும். “மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்” என்று முடியும். மழை பெய்திருந்தால் மழையின் மேல் பழி. இரவாக இருந்தால் சாரதியின் தூக்கத்தின் மேல் பழி. இத்தனை வருடங்களில் ஒரு தடவையாவது, அந்தக் காரின் ரயர்கள் எந்த வருடத்தில் செய்யப்பட்டவை என்று நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு வா என்று என்னை அனுப்பிய ஆசிரியரும் இல்லை.

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத்தந்தது 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து மாலை ஒன்று.

என்னிடம் இருப்பது 2014இல் யப்பானில் செய்யப்பட்ட சுசுக்கி ஸ்விஃப்ட் ஆர்.எஸ். கார். தினமும் வேலைக்குப் போய்வருவதற்கான சிறிய வாகனம்தான் என்றாலும் கொஞ்சம் துடிப்பானது. வளைவுகளில் ஓட்டுபவனுக்குச் சந்தோஷம் தரும். அதற்குத் தொழிற்சாலை விதித்த ரயரின் அளவு 185/55 ஆர் 16. அந்த ரயர்கள் தேய்ந்து முடிந்தபோது நாடும் தேய்ந்து முடிந்திருந்தது. டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். தனியார் வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இல்தான். ஆகவே இருக்கின்ற காரை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். புதிய ரயரின் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைத்தது.

அவ்வேளையில்தான் என் தமக்கையின் மகன் ஆலோசனை சொன்னான். “மாமா, உந்தச் சின்னச் சில்லோட பாத்தா பென்ஷன்காரரின்ர கார் மாதிரிக் கிடக்கு. பதினேழு இஞ்சி அலோய் சில்லு போடுங்கோ. யப்பான் ரயரோட செற்றா எடுக்கலாம், புது ரயரை விட மலிவு.” ஐம்பது வயதைக் கடந்தவனுக்கும் சபலம் உண்டு. 205/45 ஆர் 17 அளவில், பாவித்த ரயர்கள் நான்கு, மினுங்கும் சில்லுகளோடு என் காரில் ஏறின. “பாருங்கோ ஐயா, தேயவே இல்லை. யப்பான் சாமான்” என்றார் கடைக்காரர். உண்மைதான், தவாளிப்புகள் ஆழமாகவே இருந்தன. கறுப்பு மெருகும் பூசியிருந்தார்கள்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. வெள்ளவத்தையில், காலி வீதியில், மழை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மணிக்கு 40 கிலோ மீற்றருக்கு மேல் நான் போகவில்லை. மஞ்சள் கடவையில் ஒரு தாய், பாடசாலைச் சீருடையில் ஒரு சிறுமியின் கையைப் பிடித்தபடி இறங்கினார். நான் பிறேக்கை மிதித்தேன். ஏ.பி.எஸ். வேலை செய்தது. பாதத்தின் கீழ் படபடவென்று அது துடித்ததை உணர்ந்தேன். கார் நிற்கவில்லை. வழுவழுவென்று கடவையின் மேலேயே போய், அதையும் தாண்டி நின்றது. அந்தத் தாய் பிள்ளையைப் பின்னால் இழுத்திராவிட்டால், மறுநாள் என் பத்திரிகையில் என் சகபாடி ஒருவர் எனக்கும் அந்த வார்ப்பையே பயன்படுத்தியிருப்பார். வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார்.

அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

மறுநாட் காலை ஒரு கராஜில் காரை உயர்த்திப் பார்த்தோம். ரயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரு வரி இருக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து அதன் கடைசி நான்கு இலக்கங்கள் செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் சொல்கின்றன. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பல ரயர்களில் இந்தத் திகதி ஒரு பக்கத்தில் மாத்திரமே இருக்கும். என் ரயர்களில் அந்தப் பக்கம் உள்நோக்கிப் பூட்டப்பட்டிருந்தது. நிலத்தில் படுத்து, டோர்ச் வெளிச்சத்தில் வாசித்தேன்: 1413. 2013ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். என் காரை விடவும் மூத்த ரயர். விற்றவரிடம் போய்க் கேட்டேன். “ரயருக்கு என்ன ஐயா வயசு, மனுசருக்குத்தான் வயசு” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

இறப்பருக்கு வயது உண்டு. வெப்பமும் ஒட்சிசனும் ஓசோனும் அதைத் தின்றுகொண்டே இருக்கின்றன. ஓடினாலும் தின்கின்றன, கடையில் அடுக்கிவைத்திருந்தாலும் தின்கின்றன. நெகிழ்ந்து வீதியின் நுண்ணிய மேடு பள்ளங்களைக் கவ்விப்பிடிக்க வேண்டிய பொருள், இறுகிப் பிளாஸ்ரிக் போல ஆகிவிடுகிறது. காய்ந்த வீதியில் இது தெரியாது. மழையில்தான் தெரியும். தவாளிப்பின் ஆழம் தேய்வைக் காட்டும், வயதைக் காட்டாது. ஐந்து வருடங்களுக்குப் பின் ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்குமாறும், எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் பத்து வருடங்களில் கழற்றிவிடுமாறும் மிச்சலின் போன்ற உற்பத்தியாளர்களே சொல்கின்றனர். ஆறு வருடம் என்று சொல்லும் கார் நிறுவனங்களும் இருக்கின்றன. நான் ஒன்பது வருடத்து ரயரை ‘வாங்கியவன்’.

இது யாழ்ப்பாணத்தானின் வீண் பயம் என்று எண்ணுவோருக்கு இரண்டு சம்பவங்கள். 2013 நவம்பரில் கலிபோர்னியாவில் நடிகர் போல் வோக்கர் பயணித்த போர்ஷே கரேரா ஜி.டி. விபத்துக்குள்ளானது. பிரதான காரணம் அதிவேகமே என்று விசாரணையாளர்கள் கூறினர். அதேவேளை, அந்த ரயர்கள் ஒன்பது வருடங்கள் பழையவை என்பதையும், அது காரின் பிடிமானத்தைப் பாதித்திருக்கலாம் என்பதையும் பதிவுசெய்தனர். உலகின் விலையுயர்ந்த விளையாட்டுக் கார்களில் ஒன்றுக்கே அந்த நிலை.

இரண்டாவது, 2012 செப்டெம்பரில் இங்கிலாந்தின் சரே பகுதியில் நடந்தது. இசை விழா ஒன்றிலிருந்து திரும்பிய பஸ்ஸின் முன் ரயர் வெடித்து மூவர் இறந்தனர். வெடித்த ரயரின் வயது பத்தொன்பதரை வருடம். இறந்தவர்களில் ஓர் இளைஞனுக்கு வயது 18. தன்னை விட மூத்த ரயரால் அந்தப் பிள்ளை இறந்தான். அவனது தாய் வருடக்கணக்காகப் போராடினார். முடிவில் 2021 பெப்ரவரி 1ஆம் திகதியிலிருந்து லொறிகள், பஸ்களின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட ரயர்களைப் பூட்டுவது பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டது. அந்தச் சட்டம் தனியார் கார்களைத் தொடவில்லை என்பதையும் அங்கே வாழும் அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது எங்கள் நாட்டைப் பார்ப்போம். 2008ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு வருடமும் காரின் புகையைப் பரிசோதித்துச் சான்றிதழ் பெற்றால்தான் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். நல்லது. குழாயின் வழியே வெளியேறும் காற்றைப் பார்க்கிறார்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் பார்க்கிறார்கள். ஆனால் வீதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரேயொரு பொருளை, அதே இடத்தில் நிற்கும் காரில், குனிந்து பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. நான்கு ரயர்களும் வீதியைத் தொடும் பரப்பு ஏறக்குறைய நான்கு உள்ளங்கைகளின் அளவுதான். ஒரு தொன் எடையும், அதற்குள் இருக்கும் உயிர்களும், வீதியில் நடக்கும் உயிர்களும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே இருக்கின்றன.

இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. இது இறப்பர் விளையும் நாடு. 1876இல் பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடை தோட்டத்தில் நாட்டப்பட்டன. 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கி வயிறு வளர்த்தவர்கள் நாங்கள். கைத்தொழில் வாகனங்களுக்கான திண்ம ரயர்களை இன்றும் உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறோம். அப்படிப்பட்ட நாட்டின் தலைநகரில், யப்பானியர் கழற்றி எறிந்ததை ‘யப்பான் சாமான்’ என்று பெருமையோடு வாங்குகிறோம். யப்பானியர் அதை ஏன் கழற்றினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அவர்கள் முட்டாள்களா? அங்கே தனியார் காருக்கும் இரண்டு வருடத்துக்கொரு கட்டாயப் பரிசோதனை இருக்கிறது. பழையதென்று கழிக்கப்பட்டதும் அதில் வரும். பனிக்காலத்துக்கென்று மிக மென்மையான இறப்பரில் செய்த ரயரும் வரும். உறைபனியில் கவ்வுவதற்காகச் செய்த அந்த ரயர், கொழும்பின் கொதிக்கும் தாரில் வேகமாய்த் தேயும், மழையில் நிற்கத் தாமதிக்கும். பக்கச் சுவரில் மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த அடையாளத்தைக் கண்டால் விலகிப் போய்விடுங்கள். பழைய யப்பானிய ரயர்கள் சிலவற்றில் ‘ஸ்டட்லெஸ்’ என்ற சொல் மட்டுமே இருக்கும். அதற்கும் அதே மரியாதைதான்.

அடுத்தது ‘ஸ்போர்ட்டி’ என்ற மாயை. என் மருமகனை மட்டும் நான் குறை சொல்லவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் எங்கள் பிள்ளைகள் இதே மயக்கத்தில்தான் இருக்கிறார்கள். சில்லு பெருத்து, ரயரின் பக்கச் சுவர் சிறுத்தால் அது வேகமான கார் என்று ஒரு நம்பிக்கை. கணக்கைப் பாருங்கள். 185/55 ஆர் 16 என்றால் அகலம் 185 மில்லி மீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் 55 வீதம், அதாவது சுமார் 102 மில்லி மீற்றர். 205/45 ஆர் 17 என்றால் பக்கச் சுவர் 92 மில்லி மீற்றர். பள்ளத்தின் அடியைத் தாங்கும் காற்று மெத்தையில் பத்து மில்லி மீற்றரை நான் பணம் கொடுத்துக் குறைத்தேன். அகலத்தை 20 மில்லி மீற்றர் கூட்டினேன். அகலக் கூடக்கூடப் பிடிமானம் கூடும் என்பது காய்ந்த பந்தயத் திடலில் ஓரளவு உண்மை. தேங்கிய நீரிலோ, அகலமான ரயர் தன் முன்னால் உள்ள கூடுதலான நீரைப் பக்கத்துக்குத் தள்ளியாக வேண்டும். தள்ள முடியாதபோது அது நீரின் மேல் மிதக்கும். மிதக்கும் காருக்கு ஸ்டியறிங்கும் இல்லை, பிறேக்கும் இல்லை.

“கொழும்பு நெரிசலில் ஊர்ந்து போகிற காருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதே கார்தான் சனிக்கிழமை தெற்கு அதிவேகப் பாதையில் ஏறுகிறது. 2011 நவம்பரில் அந்தப் பாதை திறக்கப்பட்டபோது, மணிக்கு 100 கிலோ மீற்றர் என்பது இந்த நாட்டில் சட்டபூர்வமான வேகமாயிற்று. வீதியை மாற்றினோம், ரயரைப் பற்றிய எங்கள் புத்தியை மாற்றவில்லை. அதே காரில்தான் இரவோடு இரவாக ஏ-9 வழியே யாழ்ப்பாணத்துக்கும் போகிறோம், பின் ஆசனத்தில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வர.

“பணம் எங்கே?” என்ற கேள்வி நியாயமானது. சம்பளத்தில் வாழ்பவன் என்ற முறையில் அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் அலோய் சில்லுக்கும், சத்தமிடும் புகைக்குழாய்க்கும், பின்னால் பூட்டும் சிறகுக்கும் பணம் இருந்தவனிடம் ரயருக்குப் பணம் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். நானே அப்படிப்பட்டவன்தான். உண்மையாகவே கையிருப்பு இல்லாதவர், நான்கு பழைய ரயர்களை வாங்காமல், சரியான அளவில் புதிய ரயர் இரண்டு வாங்கட்டும். பெயர் பெற்ற நிறுவனமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த இரண்டையும் பின்னால் பூட்டட்டும். ஆம், பின்னால்தான். முன் சில்லுகளால் இழுக்கப்படும் காரில் முன் ரயர்களே முதலில் தேய்வதால் எல்லோரும் புதியதை முன்னால் பூட்டுகிறார்கள். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வசப்படும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும். சுழலும் காரை மீட்கச் சாதாரண மனிதனால் இயலாது. ரயர் உற்பத்தியாளர்களும் இதையே வலியுறுத்துகிறார்கள்.

அப்படியானால் தினமும் ஓடும் துடிப்பான ஒரு சிறிய காருக்கு எந்த ரயர்? பந்தய மணம் வீசும் அதிமென்மையான ரயர்கள் சந்தையில் உண்டு. அமெரிக்க முறைப்படி அவற்றின் பக்கச் சுவரில் தேய்வு எண் 200 அளவில் இருக்கும். சொற்ப காலத்தில் தேய்ந்துவிடும். எரிபொருள் சேமிப்பையே ஒற்றை இலட்சியமாகக் கொண்ட ரயர்களும் உண்டு. அவற்றுள் மலிவானவை, உருளும் தடையைக் குறைப்பதற்காக ஈரப் பிடிமானத்தைப் பலிகொடுத்திருக்கக் கூடும். 1992இல் மிச்சலின் நிறுவனம் சிலிக்கா கலந்த ரயரைக் கொண்டுவந்த பின்னர், நல்ல தயாரிப்புகளில் இவ்விரண்டையும் ஓரளவு ஒருங்கே பெற முடிகிறது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி ஈரத்தில் அதன் தரம் என்ன என்பதே. ஐரோப்பாவில் 2012இலிருந்து அது எழுத்தாக ஒட்டப்படுகிறது. அந்தப் பழைய லேபலின்படி, முதல் வகுப்புக்கும் கடைசி வகுப்புக்கும் இடையில், மணிக்கு 80 கிலோ மீற்றரிலிருந்து நிற்கும் தூரத்தில் 18 மீற்றர் வரை வேறுபாடு இருக்கக்கூடும். என் ஸ்விஃப்ட் 3.85 மீற்றர் நீளம். நாலரைக் கார் நீளம். அந்த நீளத்துக்குள் எத்தனை மஞ்சள் கடவைகள் அடங்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

நான் என்ன செய்தேன்? மினுங்கிய சில்லுகளை நட்டத்துக்கு விற்றேன். பழைய 16 இஞ்சிச் சில்லுகளையே மீண்டும் பூட்டினேன். 185/55 ஆர் 16, 83 வி. இதில் 83 என்பது ஒவ்வொரு ரயரும் 487 கிலோ வரை தாங்கும் என்பதன் குறியீடு. ‘வி’ என்பது 240 கிலோ மீற்றர் வேகம் வரை. இவ்விரண்டும் தொழிற்சாலை விதித்ததற்குக் குறையக் கூடாது. நான்கும் ஒரே வகை, அமைதியான பயணத்துக்கென்று செய்யப்பட்ட, ஈரப் பிடிமானத்தில் உயர்ந்த தரமுள்ளவை. நான்கின் திகதியையும் பூட்டுவதற்கு முன் நானே வாசித்தேன். பற்றுச்சீட்டில் அந்த இலக்கங்களை எழுதித் தரும்படி கேட்டேன். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனாலும் எழுதினார். செலவு ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி. மருமகன் காரைப் பார்த்து, “பென்ஷன்காரர் திரும்ப வந்திட்டார்” என்றான். வரட்டும். வளைவில் அந்தக் கார் முன்னரைப் போலவே சந்தோஷம் தருகிறது. மழையிலும் தருகிறது.

எனது கோரிக்கைகள் மூன்று. புகையைப் பரிசோதிக்கும் இடத்திலேயே ரயரின் ஆழத்தையும் வயதையும் பார்த்து எழுதட்டும். ஒரு ரயருக்கு ஒரு நிமிடம் போதும். ரயர் விற்பவர் பற்றுச்சீட்டில் அதன் உற்பத்தித் திகதியை எழுதுவது சட்டமாகட்டும். மூன்றாவது என் சொந்தத் தொழிலுக்கு. விபத்துச் செய்தி எழுதும் இளைய நிருபர்களே, அடுத்த தடவை பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுக்கும்போது ரயரின் நிலையையும் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். நான் முப்பது வருடமாகக் கேட்காமல் விட்டதை நீங்களாவது கேளுங்கள்.

வாசிக்கும் அன்பர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒன்று செய்யலாம். இன்றிரவு டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய் உங்கள் காரின் நான்கு ரயர்களிலும் அந்த நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். தவாளிப்புகளின் அடியில் குறுக்காகச் சிறு மேடுகள் தெரியும். அவை 1.6 மில்லி மீற்றர் எல்லையைக் காட்டுபவை. ரயர் அந்த மட்டத்துக்கு வந்திருந்தால் பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் அது சட்டத்தின் விளிம்பு. எங்கள் மழைக்கு 3 மில்லி மீற்றரிலேயே மாற்றிவிடுவது புத்தி. வெளிப்பக்கத்தில் திகதியைக் காணாவிட்டால் உள்ளே குனிந்து பாருங்கள். நிலத்தில் படுப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். நானும் படுத்தேன்.